ரக்கூன் கதையில் சிரிக்கும் இடம்

மார்ச் 4, செவ்வாய்

மிருணாவுக்கு இன்று இரண்டாம் வகுப்பு தொடங்கியது. பள்ளி வாசல் கண்ணில் பட்டதுமே என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். "இங்கருந்து நானே போயிருதேம்மா, நீங்க வராண்டாம்" என்றாள். மற்ற அம்மாக்கள் வாசல்வரை போய்க் கையசைத்தார்கள். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி பாவனை செய்தேன். தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே ஒற்றை அதட்டலில் உட்காரவைத்தவள் நான். இங்கே என் வயிற்றில் பிறந்த சுண்டெலி என்னை ஒரு பார்வையில் நிறுத்திவிட்டுப் போகிறது.

போன வருடம் அவள் வகுப்பில் வாரத்துக்கொரு பிறந்தநாள் நடந்தது. ஒன்றுக்கும் இவளை அழைக்கவில்லை. கேட்டால், "எனக்குக் கேக் பிடிக்காது" என்கிறாள். கேக் பிடிக்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்த வருடமாவது யாராவது ஒருத்தி இவளைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட வேண்டும். கொரியாவின் இந்தக் கொஜே தீவில் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. கப்பல் கட்டுவதெல்லாம் இவர் பாடு.

மார்ச் 11, செவ்வாய்

இன்று என் மானம் கப்பலேறியது. கப்பல் கட்டும் ஊர்தானே, வசதியாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசான் நகரத்திலிருந்து இவர் உறையவைத்த முருங்கைக்காய் வாங்கிவந்திருந்தார். சாம்பார் வைத்தேன். மென்று துப்பிய சக்கையை எல்லாம் சேர்த்து, கீழே உணவுக்கழிவுத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும் தொட்டி அது. சாப்பிட்டு மீந்தது உணவுக்கழிவு இல்லாமல் வேறென்ன? ஆனால் இங்கே அந்தக் கழிவு பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறதாம். மிருகம் தின்ன முடியாத எதையும் அதில் போடக்கூடாது. எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத்தோல் எதுவும் ஆகாது என்று தெரியும். முருங்கைச் சக்கையைப் பற்றி எந்தக் கொரியச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்?

காவல்காரர் படம் எடுத்து மின்தூக்கியில் ஒட்டிவிட்டார். சாயங்காலம் எல்லா வீட்டுக் கூரையிலும் இருக்கிற ஒலிபெருக்கியில் நிர்வாக அலுவலகம் அறிவிப்பும் செய்தது. பெயர் சொல்லவில்லை. மஞ்சள் நிறத்தில் குச்சிகளைத் துப்புகிற வீடு இந்தக் கட்டடத்தில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறார்கள்?

மிருணா காதைப் பொத்திக்கொண்டு சோபாவில் கிடந்தாள். இவரோ, "விடு செல்வி, தெரியாமத்தான செஞ்ச. நாளைக்கே மறந்துருவாவ" என்றார்.

மார்ச் 13, வியாழன்

மிக்யோங் என்று ஒரு அம்மாள் கதவைத் தட்டினார். எங்கள் குடியிருப்பின் சின்ன நூலகத்துக்குத் தலைவி. கழிவுகளைப் பிரிப்பதைப் படம்போட்டு விளக்கும் கையேடும் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியும் கொண்டுவந்தார். சண்டைக்குத் தயாராக நின்றிருந்தேன், பழத்தைப் பார்த்ததும் காற்று இறங்கிவிட்டது.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம். கொரியனிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். நம் ஓடை, நம் மரம், நம் குப்பை என்று சுற்றுப்புறத்தைப் பேணுகிற கதைகள். "மிருணா அம்மா, ஆங்கிலப் பாதி நீங்கள், கொரியப் பாதி நான்" என்றார்.

இங்கேயும் நம்மூர் போலவே பிள்ளை பெயரோடு அம்மாவைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். அவர் வாயில் அந்தப் பெயர் கேட்க நன்றாக இருந்தது. மிருணாவின் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்களா என்று கேட்டேன். பாதிப் பேர் வருவார்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

கதையை நானே எழுதினேன். குடியிருப்பின் பின்னால் ஓடுகிற ஓடையில் ஒரு நாரை, சில மீன்கள், ஒரு ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் உள்ள அந்தப் பிராணிக்குக் கொரியனில் நோகுரி என்று பெயர். இந்த மலையில் உண்மையிலேயே அலைகிறது. ரக்கூன் தின்று மீந்ததை எல்லாம் ஓடையில் எறியும். மீன்களுக்கு இருமல் வரும், நாரைக்குக் கால் அரிக்கும். கடைசியில் ரக்கூன் திருந்தி ஓடையைக் கழுவும். எழுதும்போதே எனக்கு ரக்கூனைத்தான் பிடித்திருந்தது. கள்ளப்பயல், ஆனால் பாவம்.

மிக்யோங் படித்துவிட்டு, "அருமை. கொரியனில் அப்படியே மொழிபெயர்த்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். என் பாதியை நான் என் பாணியில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். கதைசொல்லிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும்தான். நானும் வகுப்பில் பாடப்புத்தகத்தை அப்படியே படித்தவள் இல்லை.

மார்ச் 22, சனி

சிரித்தார்கள்! தரையில் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

நான் ஒரு பத்தி சொல்வேன். பிள்ளைகள் சமத்தாகக் கேட்பார்கள். பிறகு மிக்யோங் அதே இடத்தைக் கொரியனில் சொல்வார். அவ்வளவுதான், கூரை பறக்கும். முக்கியமாக ரக்கூன் வருகிற இடம். ரக்கூன் எதையோ மென்று துப்புவதைப் போலச் செய்து காட்டுவார். நாரை அதட்டினால், ரக்கூன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். ஓடைத் தண்ணீரை உதறுகிறதுபோல. அம்மாள் நடிப்பில் பெரிய ஆள். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என்ன சொன்னார் என்று பாதிகூடப் புரியவில்லை. கடைத்தெருக் கொரியன்தானே நமக்கு.

பின்னால் நின்ற அம்மாக்கள் என்னைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். இந்த ஊருக்கு வந்தபிறகு என்னை யாரும் தொட்டதில்லை.

மிருணா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூச்சம். தகப்பனைப்போல.

மார்ச் 29, சனி

இன்றும் கூட்டம். மிருணாவுக்கு வயிற்றுவலி, வரவில்லை. சீரகத்தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, சனி

மறுபடியும் வயிற்றுவலி. திங்கட்கிழமை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

வயிற்றில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெள்ளி ராத்திரி பஜ்ஜி போட்டதை நிறுத்த வேண்டும்.

வரும் வழியில் விளையாட்டுத் திடலிலிருந்து பிள்ளைகள் என்னைப் பார்த்து, "நோகுரி ஸேம்! நோகுரி ஸேம்!" என்று கத்தினார்கள். ரக்கூன் டீச்சர் என்று அர்த்தம். பட்டப்பெயர் வைத்துவிட்டார்களா, அப்படியானால் நான் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். தூத்துக்குடியில் என் பட்டப்பெயர் பிரம்பு. அதற்கு இது எவ்வளவோ மேல். கையசைத்தேன். மிருணா என் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு பையன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான். நானும் ஆட்டிக் காட்டினேன். எல்லோருக்கும் ஒரே குதூகலம்.

ஏப்ரல் 19, சனி

ஒரு அம்மா எடுத்த வீடியோவைக் குடியிருப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். இதயமும் பூவுமாகக் குவிகிறது. இவரிடம் காட்டினேன். கப்பல் பட்டறையில் கொரியர்களோடே கிடப்பவர், இவருக்கு எல்லாம் புரியும். கொஞ்சம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"ஏன், நல்லால்லியா?"

"நல்லாத்தான் சொல்லுத. கண்ணு எரியிது, பெறவு பாக்கேன்" என்று எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். பெண்டாட்டியை நாலு பேர் மெச்சினால் ஆம்பிளைகளுக்குக் கண் எரியத்தான் செய்யும்.

ஏப்ரல் 30, புதன்

சேலையை மடித்து வைத்தேன். குக்கர் வளையம் போய்விட்டது. மழை.

மே 10, சனி

வந்துவிட்டது!

ஜியூ என்ற பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமை பிறந்தநாள். மிருணாவுக்கு அழைப்பு அட்டை கொடுத்திருக்கிறாள். இளஞ்சிவப்பு அட்டை, ஒரு முயல் படம். அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "கேக் பிடிக்காதே உனக்கு" என்று சீண்டினேன். "ஜியூ வீட்டுக் கேக் பிடிக்கும்" என்றாள்.

எல்லாம் கதையால் வந்தது. அம்மா யார் என்று தெரிந்ததும் பிள்ளையையும் தெரிந்துகொண்டார்கள். மிக்யோங்குக்குக் கோயில் கட்டலாம்.

மே 12, திங்கள்

ஜூன் ஏழாம் தேதி நகரத்துப் பூங்காவில் குழந்தைகள் சுற்றுச்சூழல் விழா. எங்கள் ரக்கூன் கதையைப் பெரிய மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு யோசனை. மிக்யோங்குக்குத் தெரியாமல் அவருடைய கொரியப் பத்திகளில் ஒன்றை மனப்பாடம் செய்து, மேடையில் திடீரென்று நானே கொரியனில் சொல்லிவிடப் போகிறேன். அவர் அசந்துபோக வேண்டும். நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ரக்கூன் வருகிற பத்திதான். எல்லோரும் சிரிக்கிற பத்தி.

மே 19, திங்கள்

இவர் பட்டறைக்கு, மிருணா சனிக்கிழமை ஜியூ வீட்டில் தின்ற கேக்கின் கதையைச் சொல்லிக்கொண்டே பள்ளிக்கு. வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினேன். புரியாத சொல்லைப் போனில் தேடினேன். பிறகு பேச்சை எழுத்தாக்கும் வசதியில் முழுவதையும் போட்டுப் பார்த்தேன்.

நான் ஆங்கிலத்தில் சொல்வது: ரக்கூன் தின்று மீந்ததை ஓடையில் எறிந்தது.

மிக்யோங் கொரியனில் சொல்வது: இந்த ரக்கூன் தூரத்தில், வெயில் கொளுத்துகிற நாட்டிலிருந்து வந்தது. அங்கே குப்பையை எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். அது குச்சிகளை மெல்லும். மென்று துப்பி உணவுத்தொட்டியில் போடும். பன்றிக்கு அந்தக் குச்சி தொண்டையில் மாட்டி அழுதது. ரக்கூன் கதவைத் திறந்தால் மாடிப்படி முழுவதும் மஞ்சள் வாசனை. கூடாது என்று சொன்னால் அது ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தலையை மட்டும் இப்படி ஆட்டும்.

போன் மொழிபெயர்ப்பை நம்ப முடியாது. போன வாரம் தயிரைத் தேடியதற்குச் சுண்ணாம்பு என்று காட்டியது.

மே 20, செவ்வாய்

நூறு தடவை கேட்டாயிற்று. போன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

வீடியோவில் என்னையும் பார்த்தேன். மிக்யோங் தலையாட்டுகிறார். பிள்ளைகள் முதலில் என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே, வாயைத் திறந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் நான்.

மே 21, புதன்

இவரிடம் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "தெரியும்."

"எப்பருந்து?"

"அந்த வீடியோவப் பாத்ததுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல செல்வி? இங்க வந்த பெறவு நீ சிரிச்சி நா பாத்ததே இல்ல. சனிக்கிழம ஆனா தலைய சீவி, பொட்டு வச்சி, பாட்டுப் பாடிட்டுப் போற. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

இதைவிட அவர் என்னை ஓங்கி அறைந்திருக்கலாம். என் சந்தோஷத்தை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இவரும் ஒரு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார். தட்டை எடுத்துக் கழுவப்போட்டேன்.

மே 23, வெள்ளி

நூலகத்துக்குப் போனேன். மிக்யோங் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். எழுதி வைத்த தாளை அவர் முன்னால் வைத்தேன். "இது நான்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

திருதிருவென்று விழிப்பார், மன்னிப்புக் கேட்பார், அழுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "ஆமாம். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே நீங்கள் சிரித்தீர்களே! எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தீர்கள். தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டால் தலையாட்டிக் காட்டுகிறீர்களாம். தன் தவறைத் தானே கேலி செய்துகொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களை எல்லோருக்கும் பிடித்ததே அதனால்தான்."

"மாடிப்படியில் மஞ்சள் வாசனை என்றீர்களே, அது எந்தத் தவறு?"

அவர் அட்டையை ஒட்டவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "தொட்டியில் இப்போது யாரும் தப்பாகப் போடுவதில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். கதை வேலை செய்கிறது" என்றார். சுற்றுப்புறம் சுத்தமாகிவிட்டது, வாஸ்தவம்தான். நல்லவேளை, குப்பைக்கு ஒரு ஆள் கிடைத்தாள்.

விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் வாசல்வரை பின்னால் வந்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

மே 24, சனி

கதை இல்லை. வீட்டில் இருந்தேன். மிருணா, "ஏம்மா போகல?" என்று கேட்டாள். இனிமேல் போகமாட்டேன், விழாவுக்கும் போகமாட்டேன் என்றேன். அவள் மகிழ்வாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "போகணும்மா. நீங்க கண்டிப்பாப் போகணும்."

"ஒனக்குத்தான் அந்தக் கதையே பிடிக்காதே. அதுல அவ்வோ என்னய என்ன சொல்லுதாவன்னு ஒனக்கு மொத நாளே தெரியும்லா?"

தலையை ஆட்டினாள். உடனே நிறுத்திக்கொண்டாள். என் பிள்ளை தலையாட்டுவதையே பாதியில் நிறுத்தப் பழகியிருக்கிறாள், நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

"தெரியும். எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிச்சாங்க. ஒங்க அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, லூசு மாதிரி அவளும் சிரிக்கான்னு ஜியூ சொன்னா. அதனால நா ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"எங்கம்மாவுக்குக் கொரியன் நல்லாத் தெரியும்னு சொன்னேன். அந்த ரக்கூன எங்கம்மாதான் எழுதுனாங்க, வேணும்னேதான் நடிக்காங்க, எங்கம்மா காமெடி பண்ணுவாங்கன்னு சொன்னேன். அதுக்கு அப்புறந்தான் எல்லாரும் என்னோட பேசுறாங்க. அதுக்கு அப்புறந்தான் ஜியூ கார்டு குடுத்தா." அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்க போகலன்னா நா பொய் சொன்னேன்னு தெரிஞ்சிரும். ஒங்களுக்கு நெசமாவே தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்மா."

அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை, என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய்யைக் கட்டி, அதற்குள் என்னைக் குடியமர்த்தி, வாசலில் தானே காவலுக்கும் நின்றிருக்கிறாள். வயிற்றுவலிக்குச் சீரகத்தண்ணீர் கொடுத்தவள் நான்.

கோபம் கோபமாக வருகிறது. மிக்யோங்மேல், இவர்மேல், ஜியூமேல், இந்த ஊர்மேல். அழுகிற பிள்ளையிடம் இதில் எதைக் காட்டுவது?

மே 26, திங்கள்

வருகிறேன் என்று மிக்யோங்குக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நன்றி, நன்றி, நன்றி. கூடவே ஒரு முயல் படம் குனிந்து வணங்கியது.

ஜூன் 7, சனி

விழா முடிந்துவிட்டது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பச்சைச் சேலை கட்டினேன். பூங்காவில் பெரிய கூட்டம், நூலகத்துக்கு வருகிறவர்களைப்போலப் பல மடங்கு. மிருணா தன் கூட்டாளிகளோடு முன்வரிசையில் இருந்தாள். ஜியூ அவள் தோளில் கைபோட்டிருந்தாள். இவர் ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றார். மேடை ஏறும்போது, "வேண்டாம்னா சொல்லு செல்வி, இப்பவே வீட்டுக்குப் போயிருவோம்" என்றார். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவர்.

நான் ஓடையைச் சொன்னேன், மிக்யோங் ஓடையைச் சொன்னார். நாரை, மீன்கள். ரக்கூன் வந்தது. நான் ஆங்கிலத்தில் முடித்துவிட்டு ஒதுங்கினேன். மிக்யோங் ஒலிவாங்கியை வாங்கினார். எனக்கு இப்போது அந்தப் பத்தி தலைகீழ்ப் பாடம். வெயில் கொளுத்துகிற நாடு வரவில்லை. குச்சி வரவில்லை. மஞ்சள் வாசனை வரவில்லை. இந்த மலையிலேயே பிறந்த ஒரு ரக்கூன் என்று சொன்னார். மாற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லாமல், எனக்காகத்தான் மாற்றியிருக்கிறார். நாரை ரக்கூனை அதட்டியது. மிக்யோங் தலையை ஆட்டவில்லை, அசையாமல் நின்று அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியும், வாயைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜியூ மிருணாவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் காதில் ஏதோ கேட்டாள். மிருணா மேடையைப் பார்த்தாள். மேடையை என்றா சொன்னேன், என்னைத்தான் பார்த்தாள்.

நான் முன்னால் வந்தேன். மிக்யோங்கின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினேன். வெயில் கொளுத்துகிற நாட்டிலிருந்து வந்த ரக்கூன் என்று கொரியனில் ஆரம்பித்தேன். குச்சியை மென்றேன். துப்பினேன். பன்றிக்குத் தொண்டையில் மாட்டவைத்தேன். கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். எங்கள் அம்மா ஆட்டுவதுபோல, எங்கள் ஊரே ஆட்டுவதுபோல, அச்சு அசலாக ஆட்டினேன். மிக்யோங்குக்கு இது ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

பூங்காவே சிரித்தது. நானும் சிரித்தேன். மிக்யோங் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் இவரைக் காணவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மிருணா குதித்துக் குதித்து வந்தாள். "அம்மா, இன்னைக்குத்தான் ரொம்ப நல்லாச் செஞ்சீங்க. மிக்யோங் ஆன்ட்டிய விட நீங்கதான் பெஸ்ட்டுன்னு ஜியூ சொல்லிட்டா. அடுத்த வருசமும் இதே மாதிரி செய்வீங்களாம்மா?"

செய்வேன் என்றேன்.